கணினி வகுப்பின் முதல் நாளிலேயே ஸ்கிரீன்ஷாட் கற்றுத்தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியைப் புதிதாகக் கற்க வருபவர்களுக்கான பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் தட்டச்சில் ஆரம்பித்து, வேர்டு, எக்செல் என்று நகர்கின்றன. அவை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இன்று ஒரு சாதாரணக் குடும்பம் கணினியின் முன் உட்கார்வது பெரும்பாலும் ஏதாவது ஒரு விண்ணப்பத்துக்காகத்தான். ஆகவே, திரையில் தெரிவதைப் படமாகச் சேமிக்கவும், அந்தப் படத்தை வேண்டிய அளவுக்கு வெட்டிச் சுருக்கவும் முதல் நாளிலேயே சொல்லித்தர வேண்டும் என்பது, பல ஆண்டுகளாகப் பெரியவர்களுக்குக் கணினி கற்பித்துவரும் என்னுடைய உறுதியான கருத்து.

விண்ணப்பத்தைச் சமர்ப்பித்ததும் திரையில் ஒரு பதிவு எண் தோன்றும். அதைப் பத்திரப்படுத்த, பலரும் கைப்பேசியை எடுத்துத் திரையைப் புகைப்படம் எடுக்கிறார்கள். திரையின் புள்ளி வரிசையும் கேமரா உணரியின் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று பொருந்தாததால் படத்தில் அலை அலையாகக் கோடுகள் விழுகின்றன. டியூப் லைட் வெளிச்சம் நடுவில் வெள்ளையாகப் பட்டைபோல் நிற்கிறது. பிறகு பார்த்தால் 3 எது, 8 எது என்று தெரிவதில்லை. ஹால் டிக்கெட் பதிவிறக்கும் நாளில், இந்த ஒற்றை எண்ணுக்காக அலைகிறவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்கும் விசைப்பலகையின் மேல் வரிசையிலேயே பிரின்ட் ஸ்கிரீன் என்ற விசை இருக்கிறது. அதை அழுத்தினால் முழுத் திரையும் கணினியின் தற்காலிக நினைவில் படமாகப் பதிவாகிவிடும். ஆனால் அழுத்திய பிறகு திரையில் எந்த மாற்றமும் தெரியாது என்பதால்தான், புதியவர்கள் இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்துவிட்டு, விசை வேலை செய்யவில்லை என்று கைவிடுகிறார்கள். பெயின்ட் மென்பொருளைத் திறந்து கன்ட்ரோல் விசையுடன் வி அழுத்தினால் படம் அங்கே வந்து நிற்கும் என்ற ஒரு வரியை யாராவது சொல்லிவிட்டால் போதும். விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு பிரின்ட் ஸ்கிரீனை அழுத்தினால், திரை ஒரு கணம் மங்கி, பிக்சர்ஸ் கோப்புறைக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற இடத்தில் படம் தானாகவே சேமிக்கப்படும். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். புதிய விண்டோஸ் 11 கணினிகளில் பிரின்ட் ஸ்கிரீனை அழுத்தியதுமே, திரையைப் படமெடுக்கும் மென்பொருளான ஸ்னிப்பிங் டூல் திறப்பதும் உண்டு. அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

ஒரே ஒரு முறையைத்தான் கற்றுத்தர முடியும் என்றால், விண்டோஸ் விசை, ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தும் முறையையே நான் தேர்ந்தெடுப்பேன். மவுஸால் இழுத்துக் காட்டும் பகுதி மட்டும் படமாவதால், பதிவு எண் உள்ள பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் திறந்து கிடக்கும் மின்னஞ்சலும் வங்கிக் கணக்கும் படத்தில் வராது.

அடுத்தது அளவு. பெரிய குழப்பம் இங்கேதான். படத்தை வெட்டுவது வேறு, நீள அகலத்தைச் சுருக்குவது வேறு, கோப்பின் எடையைக் குறைப்பது வேறு என்பதை யாரும் பிரித்துச் சொல்வதில்லை. வங்கித் தேர்வுகளுக்கான ஐபிபிஎஸ் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். புகைப்படம் 200க்கு 230 பிக்சல் அளவிலும், 20 முதல் 50 கேபிக்குள்ளும் (கிலோபைட், அதாவது கோப்பின் எடையைக் குறிக்கும் அலகு), கையெழுத்து 140க்கு 60 பிக்சல் அளவிலும், 10 முதல் 20 கேபிக்குள்ளும் இருக்க வேண்டும் என்று அதன் வழிகாட்டுதல் கூறுகிறது. கைப்பேசியில் எடுத்த படமோ 4000க்கு 3000 பிக்சல், அதாவது ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள் கொண்டதாக இருக்கும். அதை அப்படியே 200க்கு 230 ஆக்கினால் முகம் நசுங்கிப்போகும். முதலில் பெயின்ட்டில் முகம் உள்ள பகுதியை, எடுத்துக்காட்டாக 1000க்கு 1150 என்ற விகிதத்தில் தேர்ந்தெடுத்து வெட்ட வேண்டும். தேர்ந்தெடுக்கும்போதே அந்த அளவு சாளரத்தின் அடியில் தெரியும். பிறகு கன்ட்ரோல் விசையுடன் டபிள்யூ அழுத்தி, பிக்சல் என்பதைத் தேர்ந்து, விகிதத்தைக் காக்கும் குறி இருப்பதை உறுதிசெய்துகொண்டு, அகலத்தில் 200 என்று இட்டால் உயரம் 230 என்று தானாகவே வந்துவிடும்.

இதற்குப் பிறகும் ஒரு சிக்கல் உண்டு. இவ்வளவு சிறிய படம் சில நேரங்களில் 20 கேபிக்கும் கீழே இறங்கிவிடும். படம் சிறியது என்று இணையதளம் திருப்பி அனுப்பும். அந்த 200க்கு 230 என்பது விரும்பத்தக்க அளவாகவே கூறப்பட்டிருப்பதால், 300க்கு 345 என்று சற்றுக் கூட்டிச் சேமித்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ஆனால் சுருக்கிய படத்தை மறுபடி பெரிதாக்கினால் இழந்த நுணுக்கம் திரும்பி வராது. எனவே மூலப்படத்தைத் தொடாமல் வேறு பெயரில் சேமிக்கும் பழக்கத்தையும் கூடவே ஊட்ட வேண்டும். கோப்பு வடிவத்தைப் பொறுத்தவரை, எழுத்துகள் நிறைந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு பிஎன்ஜி, புகைப்படத்துக்கு ஜேபெக் என்பது பொது விதி. கோப்பின் பெயரில் உள்ள பின்னொட்டை மட்டும் மாற்றி எழுதினால் வடிவம் மாறிவிடாது. சேமிக்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இது தெரியாததால், படத்தைச் சுருக்கித் தரும் ஏதோ ஓர் இணையதளத்தில் தங்கள் புகைப்படத்தையும் கையெழுத்தையும், சிலர் ஆதார் அட்டையையும்கூடப் பதிவேற்றுகிறார்கள். அதை நடத்துவது யார், படங்கள் எங்கே போகின்றன என்று அவர்களுக்குத் தெரியாது. இணைய இணைப்பே இல்லாமல் பெயின்ட் செய்து தரும் வேலைக்கு இந்த ஆபத்து எதற்கு? மறைக்க வேண்டிய எண்களின் மேல் முழுக் கறுப்புப் பட்டை இட்டுச் சேமிக்கவும் சொல்லித்தர வேண்டும். ஹைலைட்டரால் தேய்ப்பது மறைப்பாகாது. 2023 மார்ச்சில், விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலில் ஒரு குறை வெளிவந்தது. வெட்டிய படத்தைப் பழைய கோப்பின் மீதே சேமித்தால், வெட்டப்பட்ட பகுதியின் தரவு கோப்புக்குள்ளேயே தங்கி, ஓரளவு மீட்கக்கூடியதாக இருந்தது. மைக்ரோசாப்ட் அதே மாதத்தில் திருத்தம் வெளியிட்டது. கணினியைப் புதுப்பித்து வைப்பது எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் கூறும் பதில் இதுதான்.

இணைய மோசடியில் பணத்தை இழந்தவர் 1930 என்ற உதவி எண்ணை அழைத்த பிறகு, புகாரோடு சேர்க்க வேண்டிய ஆதாரங்களில் ஸ்கிரீன்ஷாட்டும் ஒன்று. பரிவர்த்தனை எண்ணும் தேதியும் நேரமும் தெளிவாகத் தெரிய எடுக்கப் பழகியிருப்பவர், அந்தப் பதற்றத்திலும் தடுமாற மாட்டார்.

எனவே அரசுப் பள்ளிகளின் ஹைடெக் ஆய்வகங்களிலும், நூலகங்களிலும், தன்னார்வ அமைப்புகளின் வகுப்புகளிலும் இந்தப் பயிற்சியை முதல் வகுப்பிலேயே வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தேர்வு நடத்தும் அமைப்புகள், விண்ணப்பப் பக்கத்திலேயே படத்தை வெட்டிச் சுருக்கும் வசதியைத் தந்து, நிராகரிக்கும்போது படம் பெரியதா, சிறியதா, வடிவம் தவறா என்பதைத் தமிழில் தெரிவிக்க வேண்டும். தங்கள் நாளிதழும் வேலைவாய்ப்புச் செய்திகளுக்கு அருகில், அந்தந்த விண்ணப்பத்துக்கு வேண்டிய பட அளவையும் அதைத் தயாரிக்கும் முறையையும் ஒரு சிறு கட்டத்தில் வெளியிட்டால், கடைசித் தேதிக்கு முந்தைய நாள் இரவில் உட்காரும் மாணவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்றுநர் ஒருவர்,
கும்பகோணம்.