புரட்டாசி தெரியாத கோழி

ஜார்ஜ்டவுன், டெலவேர்
27.10.2024

அன்புள்ள அம்மிச்சிக்கு,

பேத்தி எழுதிக்கொள்வது. இங்கே மூன்று பேரும் நலம். போனில் பேசினால் உங்களுக்கு ஒன்றும் காதில் விழுவதில்லை. நாலு தடவை "ஆங்?" என்று கேட்டுவிட்டு மாமாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். மாமா நிறுத்தி நிதானமாக வாசிக்கட்டும்.

"அங்கே கோழியெல்லாம் கிடைக்குமா கண்ணு?" என்று போன மாதம் கேட்டீர்கள். அம்மிச்சி, நான் வந்து சேர்ந்திருப்பதே கோழிச் சீமைக்குத்தான். டெல்மார்வா என்று ஒரு நீண்ட தீபகற்பம். ஒரு பக்கம் பெருங்கடல், மறு பக்கம் வளைகுடா, நடுவில் மூன்று மாநிலங்கள் பங்கு போட்டுக்கொண்ட மணல் பூமி. வருடத்துக்குச் சுமார் 60 கோடி கறிக்கோழி இங்கே வளர்கிறது. ஏற்பாடும் நம் பல்லடம் போலத்தான்: குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது, கோழி வளர்க்கும் செட்டும் உழைப்பும் விவசாயியுடையது, எடைக்குக் கூலி. வேலைக்குப் போகும் வழியெல்லாம் மக்காச்சோளக் காடு, சோயாக் காடு, நடுநடுவே ஐந்நூறு அடி நீளத்துக்குச் செட்டுகள். மழை விட்ட காலையில் கார் கண்ணாடியை இறக்கினால் மாமா வீட்டு வாசலில் நிற்பது போலவே வாசம். ஊர் ஞாபகம் மல்லிகைப் பூவில் வரும் என்பார்கள். எனக்குக் கோழி எருவில் வந்தது.

இந்தத் தொழில் பிறந்ததே எங்கள் மாவட்டத்தில்தான். 1923இல், கடலோரத்தில் ஓஷன் வியூ என்ற ஊரில், சீலியா ஸ்டீல் என்ற பெண் முட்டைக்காக 50 குஞ்சுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். தவறிப்போய் 500 வந்து இறங்கிவிட்டது. திருப்பி அனுப்பாமல் வளர்த்து, பிழைத்த 387ஐயும் கறிக்கு விற்றார். அடுத்த வருடம் அவரே ஆயிரம் குஞ்சு கேட்டு வாங்கினார். அந்தக் கால மரக் கொட்டகை ஒன்றை டோவர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தோம். பதினாறடிக்குப் பதினாறடி, நம் மாட்டுக் கொட்டகையில் பாதிகூட இருக்காது. "இதற்கா டிக்கெட்?" என்றார் இவர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு கோழிக்கு நடுவே இருந்தும் கடைக் கோழி எனக்கு வாய்க்கு விளங்கவில்லை. தண்ணீரில் ஊறிய பஞ்சு மாதிரி இருக்கிறது. நீங்கள் வளர்ப்பது போல வீட்டுக்குப் பின்னால் வளர்த்தால் உங்கள் குழம்பு வந்துவிடும் என்று நினைத்தேன். நாலு கோழி வைத்தாலும் விவசாயத் துறையில் பதிந்துகொள்ள வேண்டும். 2004இல் இங்கே பறவைக் காய்ச்சல் வந்து பட்ட பாடு அப்படி. பதிந்துவிட்டு 25 குஞ்சுக்குப் பணம் கட்டினேன்.

குஞ்சு எப்படி வந்தது தெரியுமா? தபாலில்! சிரிக்காதீர்கள். ஆகஸ்ட் 14 காலை ஆறு மணிக்குத் தபால் நிலையத்திலிருந்து போன். "உங்கள் பெட்டி கத்துகிறது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள்" என்கிறார் அந்த அம்மாள். பக்கமெல்லாம் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. பொரிந்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருப்பதால் இரண்டு மூன்று நாள் இரை தண்ணீர் இல்லாமல் தாங்குமாம். 1918இலிருந்து இப்படி அனுப்புகிறார்கள்.

தாய்க்கோழி இல்லாத குஞ்சுகள். கார் நிறுத்தும் அறையில் மரச்சீவல் பரப்பி, மேலே சிவப்பு பல்பு கட்டினேன். முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்க வேண்டும். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சே நன்றாகச் சொல்கிறது. பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு. இரண்டு குஞ்சு மூன்றாம் நாளே போய்விட்டது.

மூன்று வாரத்தில் புல்வெளிக்கு மாற்றினோம். நீங்கள் கோழியை மூடிவைக்கும் கொடாப்பை எட்டடிக்குப் பத்தடியாகப் பெரிதாக்கி, மேலே தகரம் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அடிப்பாகம் கிடையாது. தினம் காலையில் ஒரு கொடாப்பு தூரம் இழுத்து நகர்த்துவோம், புதுப் புல்லுக்கு. ரக்கூன் என்று ஒரு திருடன் இங்கே உண்டு. பார்க்க மரநாய் மாதிரி, கை மட்டும் குழந்தைக் கை. வலைக் கண்ணுக்குள் கையை விட்டு ஒன்றைப் பிடித்து இழுத்துவிட்டது. மறுநாளே சுற்றிலும் கீழ்ப் பக்கம் அரை அங்குலக் கண் கம்பிவலை அடித்தோம். பருந்து வந்தால் விரட்டலாமே தவிர அடிக்கக் கூடாது, சட்டம். பாப்பா தட்டைத் தட்டிக்கொண்டு ஓடுவாள்.

ஆனால் அம்மிச்சி, இது கோழி மாதிரியே இல்லை. புல்லில் விட்டால் கிளறும் என்று ஆசைப்பட்டேன். அது தீவனத் தட்டுக்கு முன்னால் படுத்துக்கொண்டே தின்கிறது. ஐந்தாவது வாரம் நெஞ்சில் இறகு இல்லை, தோல் சிவந்து தெரிகிறது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. ஒரு நாள் நல்ல மண்புழு ஒன்றைத் தோண்டி முன்னால் போட்டேன். ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை. இராத்திரி தட்டை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தின்றே மாரடைத்துச் சாகும்.

நான் வீட்டுக்கோழி என்று வளர்த்தது, மாமா, உங்கள் செட்டுக் கோழியின் தாயாதிதான். 1948இல் 'நாளைய கோழி' என்று ஒரு போட்டி நடத்தினார்கள். நாடு முழுவதிலுமிருந்து வந்த முட்டைகளைப் பொரிக்க வைத்து வளர்த்து, இதே ஜார்ஜ்டவுனில் வைத்துத் தேர்வு செய்தார்கள். கலிஃபோர்னியாவின் வான்ட்ரஸ் என்பவர் அனுப்பிய, கார்னிஷ் என்ற இனத்தின் கலப்பு ஜெயித்தது. நெஞ்சு அகலம், வளர்ச்சி வேகம். உங்களுக்குக் குஞ்சு வரும் 'காப்' இனம் இருக்கிறதே, அந்தக் கம்பெனியின் முழுப் பெயரில் அந்த வான்ட்ரஸும் இருக்கிறது.

இனிமேல் சொல்வதுதான் இந்தக் கடிதம் எழுதக் காரணம். இந்த இனத்தை எட்டு வாரத்தில் அறுத்துவிட வேண்டும். எட்டு வாரம் முடிந்த சனிக்கிழமை அக்டோபர் 12. புரட்டாசிக் கடைசிச் சனி! குஞ்சு வாங்கும்போது பஞ்சாங்கம் பார்க்கத் தோன்றவில்லை, என் புத்தி. எதிர்வீட்டு அக்கா குவாத்தமாலாக்காரர், கோழி அறுக்கும் ஆலையில் வேலை. உதவிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். இது எங்கள் பெருமாள் மாதம், ஒரு வாரம் பொறுப்போம் என்று அரைகுறை ஸ்பானிஷிலும் கையிலுமாகச் சொன்னேன். அவர்களுக்கும் தவக்காலம் உண்டல்லவா, அதனால் விரதம் புரிந்தது. ஆனால் கோழியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்று மல்லாந்து கிடந்தது. கொண்டை நாவல் நிறம். மாமா இதை எத்தனையோ தடவை பார்த்திருப்பார். வியாழக்கிழமை இன்னொன்று, இது என் கண் முன்னால். தட்டை வைத்தவுடன் எழுந்து வந்தது, இரண்டு தடவை சிறகடித்தது, அப்படியே சாய்ந்தது. ஓடிப்போய்த் தூக்கினேன். சூடாக, நாலு கிலோ கனத்தோடு, கையில் தொங்கியது. வேலியோரம் குழி தோண்டிப் புதைத்தோம். உங்கள் சேவல் புரட்டாசி முடியும்வரை என்ன, அடுத்த புரட்டாசி வரைக்கும் கூரை மேல் நின்று கூவும். இதற்கு ஒரு வாரம்கூட முடியவில்லை. நான் விரதம் இருந்தேன், அது செத்தது. யாருக்குப் புண்ணியம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

19ஆம் தேதி, ஐப்பசி பிறந்தபிறகு, மிச்சம் இருபதையும் அறுத்தோம். முந்தின இரவிலிருந்து தீவனம் இல்லை, தண்ணீர் மட்டும். தகரக் கூம்பில் தலைகீழாக விட்டால் துடிக்காமல் அடங்குகிறது. முதல் கோழிக்கு எனக்குக் கை நடுங்கியது. ஊரில் கத்தி எடுத்தது எப்போதும் நீங்கள்தானே, நான் சட்டி பிடித்ததோடு சரி. அக்கா என் கைமேல் கை வைத்து, தாடைக்குக் கீழே ஒரே இழுப்பு. இவர் வெந்நீர் பொறுப்பை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கமே திரும்பி நின்றார். 65 டிகிரிச் சூட்டில் ஒரு நிமிடம் முக்கினால் இறகு சேலை மாதிரி உருவிக்கொண்டு வருகிறது. பித்தப்பை உடையாமல் குடலை எடுக்க அக்காவுக்கு அரை நிமிடம், எனக்குப் பத்து நிமிடம்.

ஒன்றை மட்டும் நம் வழக்கப்படி மஞ்சள் தடவி, வைக்கோல் தீயில் வாட்டினேன். "சுத்தமாக இருப்பதை ஏன் சுடுகிறாய்?" என்று அக்கா ஜாடையில் கேட்டார். வாசம் எழுந்ததும் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். எனக்கும் ஒரு நிமிடம் உங்கள் புறக்கடைதான்.

ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் குழம்பு வைத்தேன். கடைக் கோழியைவிட எவ்வளவோ மேல். ஆனால் இருபது நிமிடத்தில் வெந்து எலும்பை விட்டுவிட்டது. உங்கள் கோழி அரை வேக்காட்டுக்கே அவ்வளவு நேரம் கேட்கும். சாறில் அந்தக் கனம் இல்லை. பாப்பா மூன்று துண்டு தின்றாள். அவளுக்கு உங்கள் குழம்பு தெரியாது.

அடுத்த வைகாசிக்கு இந்த இனம் வேண்டாம். மெதுவாக வளரும் சிவப்புக் குஞ்சு ஒன்று இருக்கிறது. ஓடும், கிளறும், பதினொரு வாரம் ஆகும். நாலு முட்டைக்கோழியும் ஒரு சேவலும் சேர்த்து, அடை வைத்தும் பார்க்கலாம் என்று இருக்கிறேன். நீங்கள் அடைக்குப் பதினொன்று வைப்பீர்களா, பதின்மூன்றா? ஒற்றைப்படை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மாமாவிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்து.

உங்கள் பேத்தி

பி.கு.: மாமா, இதைச் சத்தமாக வாசிக்க வேண்டாம். குஞ்சு 88 டாலர், ஒன்பது மூட்டை தீவனம் 198, மரச்சீவல் 30. இருபது கோழிக்கு வகுத்தால் ஒன்றுக்கு 16 டாலருக்குக் கொஞ்சம் குறைவு, தகரமும் வலையும் சேர்க்காமல். கடையில் அதே எடை பாதி விலைக்குக் கிடைக்கிறது. கேட்டால் "பரவாயில்லை, கட்டுப்படியாகிறது" என்று சொல்லிவிடுங்கள்.