பெட்டியில் ஒரு டைகர், பைக்குள் இன்னொரு டைகர்: 1/16 டாங்கி கிட் குறித்த புகார்

அனுப்புநர்
தங்கள் இணையக் கடையின் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.
(பெயர், முகவரி, பில் நகல் ஆகியவை இணைப்பில்)

பெறுநர்
குறைதீர் அலுவலர்,
மாடல் கிட் இறக்குமதி, விற்பனைப் பிரிவு,
சென்னை.

பொருள்: 'டைகர் 131, துனிசியா 1943' கிட்டில் வேறு வகை டைகரின் பாகங்கள் வந்தது, ஹல் (டாங்கியின் அடி உடல்) வளைந்திருப்பது, அலுமினியப் பீரங்கிக் குழல் வராதது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். நவம்பர் மாதம் தங்கள் கடையில் 1/16 அளவு (உண்மை வண்டியில் பதினாறில் ஒரு பங்கு) டைகர் டாங்கி கிட் ஒன்று வாங்கினேன். விலை 36,500 ரூபாய். உள்ளே இருந்த பாகங்களில் பாதி வேறொரு டைகருக்கு உரியவை. உங்கள் வாடிக்கையாளர் சேவைக்குப் படங்களுடன் எழுதினேன், போனிலும் பேசினேன். "பை பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது" என்ற பதிலும், அடுத்த வாங்கலுக்கு ஒரு பத்து சதவீதக் கூப்பனும்தான் கிடைத்தன. பிரச்சினை என்னவென்றே அங்கே யாருக்கும் புரியவில்லை என்று தோன்றுகிறது. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். எனக்குப் பணம் திரும்ப வேண்டாம். சரியான பாகங்கள் வேண்டும்.

பெட்டியின் மேல் இருப்பது ஏதோ ஒரு டைகர் அல்ல, டைகர் 131. ஜெர்மானிய 504ஆவது கனரக டாங்கிப் படைப்பிரிவைச் சேர்ந்த வண்டி அது. முதல் கம்பெனி, மூன்றாம் பிளட்டூன், முதல் வண்டி என்பதால் 131. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ் சர்ச்சில் டாங்கிகள் சுட்ட குண்டு அதன் குழலுக்கு அடியில் பட்டு, டரட் (பீரங்கி பொருத்திய, சுழலும் மேல்கூடு) திரும்பாமல் சிக்கிக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் இறங்கி ஓடிவிட, வண்டி கிட்டத்தட்ட முழுசாகவே பிரிட்டிஷார் கையில் கிடைத்தது. இன்று இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2003இல் அதைச் சீர்செய்து மறுபடி ஓட்டியே காட்டினார்கள். எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் அதன் படம் கிடைக்கும், எந்த போல்ட் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்யலாம். இந்தக் கிட்டை நான் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். உங்கள் விற்பனைப் பக்கமும் 'அருங்காட்சியக வண்டியின் அச்சு அசல் நகல்' என்றுதான் சொல்கிறது.

இப்போது பைக்குள் வந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சக்கரங்கள். டைகரின் ஒரு பக்கத்துக்கு எட்டு அச்சு. 1943இல் ஓடிய வண்டிகளில் ஒவ்வொரு அச்சிலும் ரப்பர் விளிம்பு வைத்த மூன்று சக்கரங்கள், ஒன்றோடொன்று கோத்தாற்போல் இருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 48. சண்டைக்குப் போடும் டிராக்கின் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையின்) அகலம் 725 மி.மீ. அப்படியே ரயிலில் ஏற்றினால் இரு பக்கமும் பிதுங்கும். அதனால் வெளிச்சக்கரங்களைக் கழற்றிவிட்டு 520 மி.மீ. டிராக்கை மாட்டித்தான் ஏற்றுவார்கள். 1944 தொடக்கத்தில்தான் இரும்பு விளிம்புச் சக்கரம் வந்தது. அதில் வெளிச்சக்கரமே கிடையாது, அச்சுக்கு இரண்டுதான், மொத்தம் 32. எனக்கு வந்த பையில் இருப்பவை இந்த 32 இரும்புச் சக்கரங்கள். அதாவது டைகர் 131 பிடிபட்டு ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து வந்த சக்கரங்கள். பெட்டியின் பக்கவாட்டில் நீங்களே ஒட்டியிருக்கும் பாகப் பட்டியலில் 48 என்று போட்டிருக்கிறது.

"எதுவும் குறையவில்லையே சார், 32தான் சரி" என்று உங்கள் ஊழியர் ஒருவர் போனில் சொன்னார். வேறொரு கிட்டின் பட்டியலைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார் என்பது அப்புறம்தான் புரிந்தது. அதே தயாரிப்பாளரின் 'பிற்கால டைகர்' கிட்டையும் நீங்கள் விற்கிறீர்கள். அதன் ஸ்ப்ரூக்கள் (பாகங்கள் வெட்டி எடுக்கும்வரை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டங்கள்) இந்தப் பெட்டிக்குள் மாறி வந்திருக்கின்றன என்பதே என் கணிப்பு. நான் நினைப்பது சரியென்றால் பிற்கால டைகர் வாங்கிய இன்னொருவர் இப்போது என்னுடைய 48 ரப்பர் சக்கரங்களை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருப்பார். அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சக்கரத்தோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதோடு நிற்கவில்லை. டரட்டின் மேல் கமாண்டர் தலை நீட்டும் குபோலாவும் மாறிவிட்டது. 131இல் இருப்பது பக்கவாட்டில் பார்வைப் பிளவுகள் கொண்ட, டிரம் போல நேராக நிற்கும் பழைய வகை. எனக்கு வந்திருப்பது சுற்றிலும் பெரிஸ்கோப் வைத்த, உயரம் குறைந்த வார்ப்பு வகை. அது 1943 ஜூலையில்தான் உற்பத்திக்கு வந்தது. கிட்டின் டரட் கூரையில் விட்டிருக்கும் துளை பழைய வகைக்கான அளவு என்பதால் புதியது அதில் உட்காரவே இல்லை. டிராக்கும் அப்படித்தான். பனியில் வழுக்காமல் இருக்க முகப்பில் மேடு வைத்த கண்ணிகள், பாலைவனச் சண்டைக்குப் பிறகு வந்தவை. எண்ணிக்கை மட்டும் பக்கத்துக்கு 96 என்று சரியாக இருக்கிறது.

ஆனால் ஹல்லும் டரட்டின் கூடும் 131க்கு உரியவையேதான். புழுதியை வடிகட்டப் பின்புறம் மாட்டும் ஃபைஃபல் காற்று வடிகட்டிகள், டரட்டின் இரு பக்கமும் மும்மூன்று புகைக்குண்டுக் குழல்கள், எல்லாம் இருக்கின்றன. ஆக, 1943 தொடக்கத்து உடம்பு, 1943 நடுவில் வந்த தலை, 1944இன் கால்கள். 131ஆகவும் கட்ட முடியாது, பிற்கால வண்டியாகவும் கட்ட முடியாது. பிற்கால வண்டி என்றால் உடம்பு முழுக்க சிம்மெரிட் பூச்சு வேண்டும். காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்க 1943 இரண்டாம் பாதியிலிருந்து பூசிய வரி வரியான பசை அது. 'புட்டி' எனும் பசைமாவில் நானே இழைத்துவிடுவேன், அது பிரச்சினை இல்லை. ஆனால் நான் காசு கொடுத்தது அந்த வண்டிக்கு இல்லையே.

"இதெல்லாம் யார் சார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்டார் உங்கள் ஊழியர். 1/16இல் ஒரு சக்கரத்தின் விட்டமே 50 மி.மீ. இருக்கிறது. கூடத்தின் மறுகோடியிலிருந்து பார்த்தாலும் ரப்பர் எது, இரும்பு எது என்று தெரியும். 1/72 போன்ற சிறிய அளவில் இந்தச் சமாதானம் செல்லும். பெரிய அளவில் வாங்குகிறவன் வாங்குவதே பார்ப்பதற்காகத்தான். அவர் இன்னொன்றும் சொன்னார்: "இது 14 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மை." விற்கும்போது அச்சு அசல் நகல், புகார் வரும்போது பொம்மையா?

அடுத்து ஹல்லின் அடிப்பகுதி. கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். பின் இடது மூலை 3 மி.மீ. தூக்கி நிற்கிறது. உண்மையான வண்டியில் இது ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர். இதன் மேல் சக்கரங்களைப் பூட்டினால் அந்த மூலைச் சக்கரங்கள் தரையைத் தொடாது, டிராக்கும் தொய்ந்து விழாமல் விறைத்து நிற்கும். வார்ப்பு அச்சிலிருந்து சூடாக எடுத்ததால் வளைந்ததா, கிடங்கு வெயிலில் வளைந்ததா என்று எனக்குத் தெரியாது. உங்கள் மின்னஞ்சல் "வெந்நீரில் முக்கி நிமிர்த்தலாம்" என்றது. சிறிய கிட்டுக்கு நானும் அப்படிச் செய்ததுண்டு. இந்த ஹல்லின் நீளம் ஏறத்தாழ 40 செ.மீ. எங்கள் வீட்டில் அதை முக்கும் அளவுக்குப் பாத்திரம் கிடையாது, பிரியாணி மாஸ்டரிடம் அண்டா வாடகைக்கு எடுத்தால்தான் உண்டு. எடுத்தாலும், பக்கச் சுவர்களில் சக்கரங்களைத் தாங்கும் டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி) கைகளுக்கான துளைகள் எட்டெட்டு வரிசையாக இருக்கின்றன. சூட்டில் ஒன்று நகர்ந்தாலும் சக்கர வரிசை முழுவதும் கோணிப்போகும்.

பிறகு குழல். விற்பனைப் பக்கத்தில் 'கடைசல் அலுமினியக் குழல் உடன் வரும்' என்று இருக்கிறது. வந்ததோ இரண்டு பாதியாகப் பிளந்த பிளாஸ்டிக். டைகரின் 88 மி.மீ. பீரங்கிக் குழலின் நீளம் அதன் விட்டத்தைப் போல 56 மடங்கு, அதாவது 4.93 மீட்டர். இந்த அளவில் 308 மி.மீ. அவ்வளவு நீளத்துக்கும் ஒட்டுக்கோட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் உருண்டையாக இருக்க வேண்டியது முட்டை வடிவமாகிவிடும். டாங்கியைப் பார்க்கிற யாருடைய கண்ணும் முதலில் போய் நிற்பது குழலில்தான்.

செய்முறைப் புத்தகத்தின் வண்ணப் பக்கம் இந்த வண்டிக்குக் கரும்சாம்பல் பூசச் சொல்கிறது. துனிசியாவில் இந்தப் படைப்பிரிவின் வண்டிகள் மண் நிறத்தில் இருந்தவை. அதை நானே பார்த்துக்கொள்கிறேன், பெயின்ட் என் கையில்தானே இருக்கிறது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். ஹல்லின் மேல்தட்டில் வெல்டிங் வரிகள் அருமையாக வந்திருக்கின்றன. எஞ்சின் மூடிக்கான பித்தளை வலைகள் துல்லியம். கொக்கி, கோடரி, இழுவைக் கம்பி எல்லாம் தனித்தனிப் பாகமாக இருக்கின்றன. தயாரிப்பாளர் நன்றாக உழைத்திருக்கிறார். பையில் போட்டு அனுப்பிய இடத்தில்தான் கோளாறு என்பதால்தான் முழுக் கிட்டையும் திருப்பிவிடாமல் பாகம் கேட்கிறேன். இன்னும் ஒரு துண்டைக்கூட ஸ்ப்ரூவிலிருந்து வெட்டவில்லை, பசையும் வைக்கவில்லை. பைகளைப் பிரித்தேன், அவ்வளவுதான். பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு வழி தெரியவில்லை.

சட்டத்தையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ குறையுள்ள பொருளையோ திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. 'பை பிரித்தால் திரும்ப எடுக்க மாட்டோம்' என்று உங்கள் கடை நிபந்தனையில் எழுதிவிட்டதால் அந்த விதி இல்லாமல் போய்விடாது. புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் குறைதீர் அலுவலர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. என் முதல் மின்னஞ்சலுக்குத் தானியங்கி டிக்கெட் எண் ஒன்று வந்ததோடு சரி.

ஆகவே ரப்பர் விளிம்புச் சக்கர ஸ்ப்ரூக்கள், பழைய வகை குபோலா, மேடு இல்லாத டிராக் கண்ணிகள், வளையாத ஹல் அடிப்பகுதி, விளம்பரத்தில் சொன்ன அலுமினியக் குழல் ஆகியவற்றை உங்கள் செலவில் அனுப்புங்கள். மாறி வந்த பாகங்களைப் பெட்டியில் கட்டித் தயாராக வைத்திருக்கிறேன், உங்கள் கூரியர் ஆள் வந்து எடுத்துக்கொள்ளலாம். தயாரிப்பாளரிடமிருந்து வர வேண்டும், நாளாகும் என்றால் எந்தத் தேதிக்குள் என்று சொல்லுங்கள், காத்திருக்கிறேன். இந்தப் பாகங்கள் கிடைக்கவே கிடைக்காது என்றால் மட்டும் முழுத் தொகையையும், எனக்கு அனுப்பிய கூரியர் கட்டணத்தையும் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும். கூப்பன் வேண்டாம்.

ஒரு மாதத்துக்குள் முடிவு வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணமும் கிடையாது.

பதிலைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். மின்னஞ்சலில் எழுத்தாகத் தாருங்கள், எந்த ஸ்ப்ரூ, அதன் அடையாள எழுத்து எது என்று குறிப்பிட்டு.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், விற்பனைப் பக்கத்தின் திரைப்பிடிப்பு, பெட்டிப் பக்கவாட்டுப் பாகப் பட்டியலின் படம், சக்கர ஸ்ப்ரூக்களின் படம், கண்ணாடித் தகட்டின் மேல் ஹல்லை அளந்த படம்.