மருமகனே, அந்தக் கேள்விக்கு என் பதில்

மருமகனே,

வெள்ளிக்கிழமை என் அக்காவுக்கு, உன் அம்மாவுக்கு, தலைத் திவசம். உனக்கு வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பியிருக்கலாம். ஆனால் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நாலு பேர் முன்னால்தானே "இவன் படைக்கு ஆகமாட்டான்" என்றேன். அதைத் திரும்ப வாங்குவதும் நாலு பேர் பார்க்கத்தான். உன் பெயரோ நீ இருக்கும் ஊரோ இதில் வராது. யார் என்று யாரும் தேடி வரவேண்டாம்.

2011 செப்டம்பர். அக்கா வீட்டு வாசல்படியில் என் பழைய ராணுவ பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ ஒன்றை எடுத்துக்கொண்டாய். பஞ்சைத் தண்ணீரில் தொட்டு, பாலிஷில் ஒற்றி, முன்பக்கத்தில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தாய், நான் சொல்லித் தந்தபடியே. முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு வந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னாய்: அமெரிக்க ராணுவத்தில் 'கேட்காதே, சொல்லாதே' விதியை எடுத்துவிட்டார்களாம், ஆணை விரும்புகிற ஆணும் இனிமேல் மறைக்காமலே வேலை பார்க்கலாமாம். அப்புறம், "மாமா, உங்க செக்ஷன்ல அப்படி ஒருத்தன் இருந்தா வெச்சிருப்பீங்களா?"

படையில் சேரும் விண்ணப்பப் பாரம் உன் பக்கத்தில் மடித்துக் கிடந்தது. நான் பாலிஷ் டப்பாவை மூடினேன்.

"வாயைத் திறக்காம இருந்தா வெச்சிருப்பேன்."

நீ பூட்ஸை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாய். பாரத்தை மறந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

பயம்தான் ஐயா. நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377A, 377B பிரிவுகள் இன்றும் இருக்கின்றன: ஆணோடு ஆண் உறவு கொண்டால் 20 ஆண்டுவரை சிறை, பிரம்படி. வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டத்தின் வாரிசு. 1999இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் தோற்றபிறகு, 2000 ஜனவரியில் அவனே தன் படையில் தடையை எடுத்துவிட்டான். அவன் படை ஒன்றும் கலைந்துபோகவில்லை. உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதி என் கூச்சம். ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சம்.

உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. 1986, பேராக் மாநிலத்துக் கெரிக் காடு. எனக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. ஒரு கார்ப்பரல் என் பையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, நாள் முழுக்க என்னைத் தோளில் தாங்கி நடந்தார். சாயங்காலம் அவர் காலுறையைக் கழற்றியபோது அட்டைகள் ரத்தம் குடித்துப் பருத்திருந்தன. அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். காட்டில் யாரும் பேசவில்லை. முகாமுக்குத் திரும்பியதும் பேசினோம், சிரித்தோம், நானும் சிரித்தேன். பென்ஷன் வருவதற்கு முன்பே அவர் எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இப்படிப்பட்டவர்கள் இருந்தால் கூட இருப்பவனின் நம்பிக்கை கெடும் என்கிறார்கள். அங்கே கெட்டது அவரால் அல்ல, எங்கள் வாயால். முன்னால் எதிரியைப் பார்க்க வேண்டியவன், பின்னால் சிரிக்கிறவனையும் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டுமா? சொல்லிவிட்டே சேரட்டும். சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் படைக்குப் போவதில்லை என்று இங்கே சுங்கை சிப்புட்டில் மேடைக்கு மேடை பேசுகிறோம். போக நின்ற ஒருவனை நானே திருப்பி அனுப்பினேன்.

ஆனால் நீ செய்ததும் சரியில்லை. அக்கா கடைசி வாரம் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொள்ளி வைக்க வேண்டிய கை உன்னுடையது. நான் வைத்தேன். என் மேல் கோபம் என்றால் என்னோடு பேசாமல் இருந்திருக்கலாம், அவளுக்காக வந்திருக்கலாம். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பாரம் என் பீரோவில்தான் இருக்கிறது. உன் கையெழுத்து வரை எல்லாம் நிரப்பியிருந்தாய்.

ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல். ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன். தனியாகத்தான் வரவேண்டும் என்று இல்லை. உன் மாமியிடம் இரண்டு இலை கூடுதலாகச் சொல்லிவிட்டேன்.

மாமா