கருவியோடு ஆளுக்கும் வழி செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் அறையில் ஒப்பந்த ஊழியராக இருக்கிறேன். ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான்களைப் பாய்ச்சி, மிக நுண்ணியதையும் பெரிதாக்கிப் படமெடுக்கும் கருவி அது. பட்டனைத் தட்டினால் படம் வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

மாணவர்கள் ஏற்காட்டிலிருந்து காபி இலையைப் பறித்து அப்படியே கொண்டு வருவார்கள். கருவிக்குள் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கித்தான் படமெடுக்க முடியும்; ஈரத்தோடு உள்ளே வைத்தால் அந்த வெற்றிடம் கெட்டுவிடும். ஆல்கஹாலில் படிப்படியாக நீரை எடுத்து, உலர்த்தி, சில நானோமீட்டர் கனத்துக்குத் தங்கம் பூச வேண்டும். பூச்சு சரியில்லை என்றால் எலக்ட்ரான்கள் மேற்பரப்பில் தேங்கி, படம் வெளிறிப்போய்ப் பட்டை பட்டையாக விழும். நம்மூர் மேக்னசைட் தாதுப் பொடி வந்தால் வேறு பாடு. மாதிரியைப் பிடித்து வைக்கும் கார்பன் டேப்பில் ஒட்டாத துகளை ஊதித் தள்ளாவிட்டால், காற்றை உறிஞ்சும்போது அது கருவிக்குள்ளேயே பறக்கும். நடுவில் மின்சாரம் போனால் முதலில் பம்புகளைப் பார்க்க ஓட வேண்டும்.

இந்தக் கைப்பழக்கம் வர வருஷங்கள் ஆகும். ஆனால் எங்கள் ஒப்பந்தமோ 11 மாதம்தான். நன்றாகத் தேறியவர்கள் சம்பளம் போதாமல் வெளியூர் போய்விடுகிறார்கள். அப்புறம் கருவி உறை போட்டுக் கிடக்கிறது, மாணவர்கள் வெளியில் பணம் கட்டிப் படம் எடுக்கிறார்கள். அந்த மாணவர்களை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை.

கருவிக்கு நிதி ஒதுக்கும்போதே அதை இயக்குபவருக்கு ஒரு நிரந்தரப் பணியிடத்தையும் உயர்கல்வித் துறை சேர்த்தே ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வகப் பணியாளர்,
சேலம்.