பாஸ்டன் பிளாக்கியும் பீரோ சாவியும்

அன்புள்ள கயல்,

கண் ஆபரேஷன் முடிந்து இன்றோடு 22 நாள். இனி எழுதலாம், படிக்கலாம் என்று டாக்டர் நேற்றுதான் சொன்னார். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று பேச்சை முடித்துவிடுவாய். இந்த விஷயத்தை நீ நடுவில் பேசாமல் கேட்க வேண்டும்.

டிவி கூடாது, பேப்பர் கூடாது, குனியக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது. மூன்று வாரம் காது மட்டும்தான் வேலை பார்த்தது. நீ போன லீவில் என் போனில் ஏற்றிக் கொடுத்தாயே, பழைய அமெரிக்க வானொலி நாடகங்கள், அதுதான் பொழுதுக்குத் துணை. பத்துப் பன்னிரண்டு தொடர் இருந்தது. நான் ஒட்டிக்கொண்டது பாஸ்டன் பிளாக்கியிடம்.

பிளாக்கி ஒரு காலத்தில் நகைத் திருடன், இரும்புப் பெட்டி உடைப்பவன். இப்போது திருந்திவிட்டான். ஊரில் எங்கே நகை காணாமல் போனாலும், எவன் செத்துக் கிடந்தாலும், இன்ஸ்பெக்டர் ஃபாரடே முதலில் பிளாக்கி வீட்டுக் கதவைத்தான் தட்டுவார். பிளாக்கி அவரைக் கிண்டலடித்துக்கொண்டே நிஜக் குற்றவாளியைப் பிடித்துக் கொடுப்பான். அரை மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். அடுத்த வாரம் மறுபடியும் அதே ஃபாரடே, அதே கதவு, அதே சந்தேகம். பகைத்தவனுக்குப் பகைவன், நாதியற்றவனுக்கு நண்பன் என்று ஒவ்வொரு வாரமும் அறிவிப்பாளர் முழங்குவார். இன்ஸ்பெக்டர் காதில் மட்டும் அது விழாது.

துப்பறியும் கதை என்று பார்த்தால் சுமார்தான். பாதியிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஆர்கன் வாத்தியம் வேறு தேவைக்கு மேல் அலறும். இரண்டு பேருடைய வாய்ச் சண்டைக்காகக் கேட்கலாம்.

இதை 1944 ஜூனில் என்.பி.சி. என்ற அமெரிக்க வானொலியில் ஆரம்பித்திருக்கிறார்கள், அதுவும் 'ஏமஸ் அண்ட் ஆண்டி' என்ற பெரிய நகைச்சுவை நிகழ்ச்சி கோடை லீவுக்குப் போன இடத்தை அடைக்க. விளம்பரம் கொடுத்தது ரின்சோ சோப்புத்தூள். சினிமாவில் பிளாக்கியாக நடித்துக்கொண்டிருந்த செஸ்டர் மோரிஸே வானொலியிலும் பேசினார். அடுத்த வருஷம் தொடர் கைமாறியது. யாருக்கு என்று நினைக்கிறாய்? உங்கள் ஊர் ஆளுக்கு! சின்சினாட்டியில் இருந்த ஃபிரெடெரிக் ஸிவ் கம்பெனிக்கு. அவர்கள் நாடகத்தை 16 அங்குலத் தட்டில் பதித்து ஊர் ஊராக வானொலி நிலையங்களுக்கு விற்றார்கள். ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம். அரை மணி நாடகத்துக்கு இரண்டு பக்கம். அந்தந்த ஊர்க் கடைக்காரர் நடுவில் தன் விளம்பரத்தைச் செருகிக்கொள்ளலாம். நீ தினமும் காரில் போகிற ஊரில் இப்படி ஒரு வியாபாரம் நடந்திருக்கிறது. நான் உன்னிடம் வந்திருந்த மூன்று மாதமும் மால் மாலாகத்தான் கூட்டிப் போனாய்.

ஸிவ் தொடரில் பிளாக்கி ரிச்சர்ட் கோல்மார், ஃபாரடே மாரிஸ் டார்ப்ளின். பிளாக்கியின் தோழி மேரியாகக் கொஞ்ச நாள் பேசிய ஜேன் மைனர் என்ற அம்மாள் பிற்காலத்தில் பாமாலிவ் பாத்திர சோப்பு விளம்பரத்தில் வருஷக்கணக்காக வந்தவராம். இந்த நாடகத்துக்கும் சோப்புக்கும் ஏதோ பூர்வ ஜென்ம பந்தம்.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறு சங்கதி. பிளாக்கியை முதலில் எழுதியவர் ஜாக் பாயில். சான் பிரான்சிஸ்கோவில் பத்திரிகை நிருபராக இருந்து, அபினுக்கு அடிமையாகி, போலி செக் கொடுத்து, சான் க்வென்டின் சிறைக்குப் போய், கொள்ளை வழக்கிலும் சிக்கியவர். பிளாக்கி பிறந்தது சிறைக்குள். 1914-ல் முதல் கதைகள் 'அமெரிக்கன் மேகசின்' பத்திரிகையில் வந்தபோது எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் '6606' என்ற எண்தான் இருந்தது. அந்தக் கதைகளில் பிளாக்கி திருந்தியவன் கிடையாது, தொழில் திருடன். அவனைத் திருத்தி, துப்பறிய வைத்ததெல்லாம் சினிமாவும் வானொலியும். ஆனால் அந்தச் சந்தேகத்தை மட்டும் அவர்களும் விடவில்லை. ஃபாரடே ஒரு வாரம் நம்பிவிட்டால் அடுத்த வாரம் நாடகம் ஏது?

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஆச்சி வீட்டு ஓடு மாற்ற 2 லட்சத்து 40 ஆயிரம் அனுப்புகிறேன் என்று சொன்னபோது நீ இன்னொன்றும் சொன்னாய். "சித்தப்பா கையில குடுக்க வேண்டாம்பா, நேரா மேஸ்திரிகிட்ட குடுத்துடுங்க." நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. கண்ணில் கட்டு இருந்தது. சித்தப்பா பக்கத்தில்தான் இருந்தான். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

உனக்குத் தெரிந்த கதை, 1981-ல் அவன் ஆச்சியின் கம்மலை எடுத்து அடகு வைத்துவிட்டு மெட்ராஸுக்கு ஓடினான் என்பது. அப்போது அவனுக்குப் பதினெட்டு வயசு. மூன்று மாதத்தில் திரும்பி வந்து, ஒரு மரக்கடையில் வேலை பார்த்து, வட்டியும் முதலுமாகக் கட்டிக் கம்மலை மீட்டுக் கொடுத்தான். மீட்டதை நான் உனக்குச் சொன்னதில்லை. எடுத்ததைத்தான் சொல்லியிருக்கிறேன்.

உனக்குத் தெரியாத கதை 1995-ல் உன் காதுகுத்து அன்றைக்கு நடந்தது. உன் ஒன்றரைப் பவுன் சங்கிலியைக் காணோம். பந்தியில் இலை போட்டாகிவிட்டது. அவன் சாம்பார் வாளியோடு நின்றான். நான் எல்லார் முன்னாலும் கேட்டேன்: "நீ பீரோ பக்கம் போனியா?" அவ்வளவுதான் கேட்டேன். அவன் வாளியைத் தரையில் வைத்தான். கரண்டியை வாளிக்குள் சத்தம் வராமல் சாய்த்து வைத்தான். துண்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். ஐந்தாம் நாள் உன் தொட்டில் சேலையைத் துவைக்க உதறியபோது சங்கிலி விழுந்தது. "கிடைச்சிடுச்சு" என்று சொல்லி அனுப்பினேன். கேட்டது தப்பு என்று சொல்லி அனுப்பவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவன் வீட்டுக்கு வந்தால் பீரோவைப் பூட்டுகிற பழக்கம் எனக்கு அப்புறமும் போகவில்லை. நீ அதைப் பார்த்துத்தானே வளர்ந்தாய்? உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

இந்த 22 நாளும் எனக்குச் சொட்டு மருந்து விட்டவன் அவன்தான். உன் அம்மாவுக்குக் கை நடுக்கம். தினமும் நாலு வேளை, சைக்கிளில் வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, இமையை இழுத்துப் பிடித்து, ஒரு சொட்டு. அப்படியே உட்கார்ந்து பிளாக்கி கேட்பான். அவனுக்கு இங்கிலீஷ் வராது. நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்வேன். முதல் நாள் சிரித்தான். நாலாம் நாள் கேட்டான், "அந்த இன்ஸ்பெக்டர் இன்னுமா நம்பல?" பத்தாம் நாள், "இவன் பேசாம வேற ஊருக்குப் போயிருக்கலாம்லண்ணே?" என்றான். நான் நாடகத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்டேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து மருந்து தீர்ந்துவிட்டது. உன் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். "பீரோவில ஐநூறு ரூபா இருக்கு, எடுத்துட்டுப் போய் வாங்கிட்டு வா" என்று தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினேன். கை நீட்டியது நீட்டியபடி இருக்கிறது. வாங்குகிற கை வரவில்லை. "நீங்களே எடுத்துக் குடுங்கண்ணே" என்றான். கண்ணில் கட்டோடு சுவரைத் தடவிப் போய் நான்தான் திறந்தேன். சாவித் துவாரம் அகப்படவில்லை. அவன் பின்னால் நின்று "கொஞ்சம் இடது பக்கம்… இன்னும் கீழ…" என்று வழி சொன்னான். கிட்டே மட்டும் வரவில்லை. கயல், அந்தச் சாவி திரும்புகிற சத்தத்தை அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன்.

உன் ஊரிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் கொலம்பஸ். ஓ ஹென்றி அங்கே ஓஹாயோ சிறைச்சாலையில் 1898-லிருந்து மூன்று வருஷம் இருந்தார், வங்கிப் பணத்தைக் கையாடிய வழக்கில். வெளியே வந்தபின் அவர் எழுதியதில் திருந்திய பெட்டி உடைப்பவன் ஒருவனின் கதை உண்டு. வங்கிப் பெட்டக அறைக்குள் ஒரு குழந்தை மாட்டிக்கொள்கிறது. தன் பழைய தொழில் வெளியே தெரிந்தால் கல்யாணமே நின்றுபோகும் என்று தெரிந்தும் அவன் கதவை உடைத்துக் குழந்தையை மீட்கிறான். அவனைப் பிடிக்க வந்து வாசலில் நிற்கிற துப்பறிவாளர், உன்னை எனக்குத் தெரியாதே என்பது போலச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார். ஸ்கூலில் பாடம் நடத்தும்போது அந்தப் பெட்டி உடைப்பவனைப் பற்றியே பேசிப் பேசி மணி அடித்துவிடும். வாசலில் நின்றவரைப் பற்றி நான் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பணத்தைச் சித்தப்பா கணக்கிலேயே போட்டுவிடு, மொத்தமாக. கணக்கு எண்ணை அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். மேஸ்திரி சீமை ஓடு போதும் என்கிறார். அவன் பழைய நாட்டு ஓட்டில் நல்லதைப் பொறுக்கித் தொழுவத்துக்குப் போடலாம் என்கிறான், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. தேக்குச் சட்டங்களில் இரண்டு உளுத்துவிட்டன, மரம் பார்க்க அவனைவிட ஆள் இல்லை. ஐப்பசி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும். போட்டதும் அவனுக்கு நீயே போன் செய்து சொல். ரசீது, கணக்கு எதுவும் கேட்காதே. கேட்காமலே அவன் சிட்டையில் எழுதி வைப்பான், அது வேறு விஷயம்.

1995 விஷயத்தை அவனிடம் நானே பேசிக்கொள்கிறேன். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. மணி எட்டே முக்கால் ஆகிறது. ராத்திரி மருந்துக்கு வருவான், சைக்கிள் பெல் கேட்கிறது.

அன்புடன்,
அப்பா