ஞாயிறு முக்கூடல் பல் முகாம்: ஹைஜீனிஸ்ட் எல்லாரும் படிங்க

எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயிறு காலைல 9 மணிக்கு முக்கூடல்ல முகாம், பீடி சுத்துற அக்காமாரு நெறைய வருவாங்க, அதனால இத பாத்துக்கிடுங்க.

1. கருவி எல்லாம் பவுச்ல போட்டு ஆட்டோகிளேவ்ல (நீராவில கிருமி கொல்லுற மெஷின்) 121 டிகிரி செல்சியஸ், 30 நிமிஷம் வச்சுதான் கொண்டு வரணும். ஒரு ஆளுக்குப் போட்ட கிளவுஸ் அடுத்த ஆளுக்குக் கூடாது.

2. சட்டப்படி நம்ம வேல பல்ல சுத்தம் செய்யுறது, பாலிஷ் போடுறது, பராமரிப்பு சொல்லிக் குடுக்குறது, நோய் இன்னதுன்னு நாம சொல்லக்கூடாது. ஆனா வாயில வெள்ளத் திட்டோ ரெண்டு வாரமா ஆறாத புண்ணோ பாத்தா அவங்கள பயமுறுத்தாம அப்பவே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க, அதுல சிலது புற்றுநோயா மாறும்லா, தயவுசெஞ்சு ஒருத்தரக்கூட விட்டுறாதீங்க.

3. கேக்காம போட்டோ எடுக்காதீங்க.

4. ஹெபடைடிஸ் பி (ரத்தம் வழியா தொத்துற கல்லீரல் நோய்) தடுப்பூசி 3 டோஸும் போட்டாச்சான்னு சொல்லுங்க.

வாரவங்க வெள்ளி ராத்திரிக்குள்ள இங்கயே பேர் போட்டுருங்க.