கீழணையில் உள்ளம் மீனுக்கு ஒரு சிற்பம்: நீர்வளத்துறைக்குத் திறந்த மடல்

தமிழ்நாடு நீர்வளத்துறைப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே நிற்கும் கீழணையில், உள்ளம் மீனுக்கு ஒரு சிற்பம் வையுங்கள். வங்காளத்தில் இலிஷ் என்று கொண்டாடுகிறார்களே, அதே மீன்தான். கடலில் வளரும், ஆற்றில் வெள்ளம் வந்ததும் முட்டையிட எதிர்நீச்சல் போட்டு வரும். ஒரு காலத்தில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் அப்படி வந்தது.

1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கட்டிய அணை இது. வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போவதே இங்கிருந்துதான். அதன் அருமை டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் மீனுக்கு அது சுவர். அணைக்கட்டுகள் உள்ளத்தின் வழியை மறிப்பதை 1873லேயே மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் எழுதினார். அப்புறம் கீழணையில் மீனேணி, அதாவது மீன்கள் அணையைத் தாண்டிப் போகப் படிப்படியாக அமைத்த தொட்டிகள், வைத்தும் பார்த்தார்கள். உள்ளம் ஏறவில்லை. அந்தக் காலத்து மீனேணிகள் தொட்டிக்குத் தொட்டி தாவும் சால்மன் மீனை மனதில் வைத்து உருவானவை. உள்ளம் தாவாது, தண்ணீருக்குள்ளேயே நீந்தித்தான் முன்னேறும். 1934இல் மேட்டூர் அணை வந்து வெள்ளம் அடங்கியதும் காவிரியில் அதன் வரத்து சுருங்கிப்போனது.

அதனால் வழக்கமான துள்ளும் மீன் சிலை இங்கே வேண்டாம். அந்த மீனேணி தோற்றுப்போன காரணத்தையே அது மறைத்துவிடும். மேற்கு நோக்கி, தரையோடு தாழ்ந்து, ஒரு கூட்டமாக நீந்தும் மீன்கள் போதும். வெண்கலத்தில் வார்க்கச் சுவாமிமலை ஸ்தபதிகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வடிவமைப்பில் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரி மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். எந்த மடையில் எந்த மீன் கூடும் என்று ஆற்றில் வலை வீசுகிறவர்களைக் கேட்டுவிட்டு வரையச் சொல்லுங்கள்.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் லாகன் ஆற்றின் தடுப்பணைக்குப் பக்கத்தில் 1999இல் சிற்பி ஜான் கைன்ட்னஸ் செய்த 10 மீட்டர் நீள மீன் இருக்கிறது. அதன் மேலுள்ள பீங்கான் ஓடுகளில் அந்த ஊரின் வரலாறு பதிந்திருக்கிறது. பிள்ளைகள் கிட்டே போய்ப் படிக்கலாம். அணைக்கரையிலும் காட்டன் முதல் மேட்டூர் வரையான கதையை அப்படி மீனின் உடம்பிலேயே எழுதலாமே.

சிலை மட்டும் வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டால் அது போன மீனுக்கு வெறும் நினைவுச்சின்னம் ஆகிவிடும், எனக்கு அது வேண்டாம். கீழணையில் அடுத்த பெரிய சீரமைப்பு வரும்போது, தடுப்புச் சுவர்களில் மேலிருந்து கீழ்வரை விட்ட இடைவெளி வழியே மீன்கள் தாவாமல் நீந்தியே கடக்கக்கூடிய செங்குத்துப் பிளவு மீன்வழி ஒன்றையும் வரைபடத்தில் சேருங்கள். எந்த மதகை ஒட்டி அது வர முடியும் என்று முதலில் ஆய்வு செய்யுங்கள். சிற்பத்துக்கு அதற்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
கொள்ளிடக்கரைக்காரர் ஒருவர்